காரணம் எழுதாத லீவு

வியாழன்

ஆழியாறு செக்போஸ்ட்டில் வனத்துறைக்காரர் ஒருவர் பஸ்ஸுக்குள் ஏறி, பிளாஸ்டிக் பை வைத்திருப்பவர்கள் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு நடை நடந்துவிட்டு இறங்கினார். அதன் பிறகுதான் மலை. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். அதற்குள் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள். வாந்தி வருகிறவர்களுக்கு இன்னும் எத்தனை பாக்கி என்று பார்த்துக்கொள்ள வசதி.

நான் பலகையைப் பார்க்கவில்லை. போனில் இருந்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. பையர் கேட்ட கலர் டையிங்கில் ஒரு ஷேடு தள்ளி வந்தாலும் சரி, பட்டன் ஏற்றி வரும் வண்டி வழியில் நின்றாலும் சரி, அடுத்த நிமிடம் என் போன் அடிக்கும். லீவு போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அது போனுக்குத் தெரியாது.

9ஆவது வளைவில், லோம்ஸ் வியூ என்று சொல்லும் இடத்தில், பக்கத்து சீட்டு அம்மா என் தோளைத் தட்டி, "வரையாடு, வரையாடு" என்றார். நமது மாநில விலங்கு. தடுப்புச் சுவர் மேல் தாயும் குட்டியும் நின்றனவாம். நான் ஒரு மெயிலுக்கு 'நோட்டட்' என்று அடித்து முடித்துத் தலையைத் தூக்குவதற்குள் பஸ் திரும்பிவிட்டது. கீழே ஆழியாறு அணைத் தண்ணீர் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. "இப்பத்தானே நின்னுச்சு" என்று அந்த அம்மா எனக்காக வருத்தப்பட்டார்.

அட்டகட்டி தாண்டியதும் சிக்னல் போனது. கொஞ்ச நேரம் போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அப்புறம் பையில் போட்டேன்.

உனக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. பிரஷர் இல்லை, சுகர் இல்லை. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை. காலையில் பல் தேய்க்கும்போதே களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். இதை ஒரு காரணம் என்று எங்கே போய்ச் சொல்வது? பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதக் கற்றுக்கொடுத்தபோதே, "எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்" என்றுதான் ஆரம்பித்தார்கள். காய்ச்சல் இல்லாவிட்டால் பாட்டி செத்திருக்க வேண்டும். "களைப்பாக இருப்பதால்" என்று எழுதியிருந்தால் டீச்சர் முட்டி போட வைத்திருப்பார். இந்தத் தடவையும் ஆபீஸில் 'சொந்தத்தில் விசேஷம்' என்றுதான் எழுதிக் கொடுத்தேன்.

தங்கியிருப்பது ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஒரு எஸ்டேட்டை ஒட்டிய வீட்டில். எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆன ஐயாவும் அவர் மனைவியும் மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். முன்னால் தேயிலைச் சரிவு. சரிவு முடிகிற இடத்தில் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் வெட்டாமல் விட்ட ஒரு துண்டுக் காடு. 1890களில் தொடங்கி வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் இந்த மலையை மழித்துக் காபியும் தேயிலையும் போட்டபோது மிஞ்சியவை இப்படித்தான் அங்கங்கே திட்டுத் திட்டாக நிற்கின்றன. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம்.

ராத்திரி சாப்பிட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா பிடுங்கிக்கொண்டார். "நீங்க போய் உக்காருங்க. ஆறு மணிக்கு மேல வாசல்ல இறங்காதீங்க, அது போதும் எனக்கு."

வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. இடி மின்னல் எதுவும் கிடையாது. சாவகாசமாக, இன்றைக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரமே இல்லாமல் பெய்கிறது. செப்டம்பர் ஆகியும் தென்மேற்குப் பருவமழை இந்த மலையை விடவில்லை. தமிழ்நாட்டில் மழை அதிகம் கொட்டும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு இங்கிருந்து பக்கம்தான்.

இன்றைக்கு என்று நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். சோலையாறு அணை, நீராறு, கூழாங்கல் ஆறு, நல்லமுடி பூஞ்சோலை. கம்பெனியில் ஷிப்மென்ட்டுக்குப் போடுகிற மாதிரி நேரம் எல்லாம் குறித்திருந்தேன். ஜீப்காரர் போன் பண்ணி, "இன்னைக்கு வேண்டாங்கக்கா, ரோடே தெரியல" என்றார். சரி தம்பி என்று வைத்தேன். வைத்ததும் உடம்பெல்லாம் ஒரு லேசு. யாரோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்! மழை பெய்கிறது, நான் என்ன செய்ய முடியும்?

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பால்கனிக் கட்டிலில் படுத்தேன். பத்து மணி இருக்கும். பகல் பத்து மணிக்குப் படுத்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம். அடுத்த நொடி நான் எழுந்து உட்கார்ந்து ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்திருந்தேன். ஐயா வாளியில் சுடுதண்ணீர் கொண்டுவந்திருந்தார். "தூங்குறீங்களோன்னு பார்த்தேன்" என்றார். "இல்லைங்கய்யா, படிச்சிட்டிருந்தேன்" என்றேன். புத்தகம் தலைகீழாக இருந்ததா என்று பார்க்கவில்லை.

இது எங்கள் வீட்டுப் பெண்களின் வியாதி. மத்தியானம் என் அம்மா பத்து நிமிடம் தரையில் சாய்ந்திருப்பாள். தெருவில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். முறத்தில் அரிசி இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். அப்பா ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. அப்படியும் முறம் மடிக்கு வந்துவிடும். பெரியம்மா, அத்தை எல்லோருமே அப்படித்தான். வேலையில்லாமல் கிடந்ததை யாரும் கண்ணால் பார்த்துவிடக் கூடாது. அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. அம்மா இன்றைக்கும் கேட் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருகிறாள்.

திரும்பப் படுத்தேன். கொஞ்சம் பிடிவாதமாகவே.

அப்போதுதான் அந்தக் குருவி ஆரம்பித்தது. சீகாரப் பூங்குருவி. ஓடைப் பக்கத்திலிருந்து, மறந்துபோன பாட்டை ஞாபகப்படுத்திக்கொண்டே பள்ளிக்கூடம் போகிற பையன் விசிலடிப்பது போல, இரண்டு அடி பாடும், நிறுத்தும், வேறு எங்கோ போகும். வெள்ளைக்காரர்களும் இதற்கு 'விசிலடிக்கும் பள்ளிப் பையன்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். மழைக்காலம்தான் இதற்குக் கச்சேரி சீசன். ஆள் பார்க்கக் கருப்பு. தோளிலும் நெற்றியிலும் மட்டும் பளிச்சென்ற நீலம். மழை வலுக்கும்போது சத்தத்தைக் கூட்டுகிறதா, எனக்குத்தான் அப்படிக் கேட்டதா, சொல்லத் தெரியவில்லை.

ஜன்னலைப் பற்றி ஒரு பிரபலமான ஆராய்ச்சி உண்டு. ரோஜர் உல்ரிக் என்ற அமெரிக்கர் 1984இல் வெளியிட்டது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரமாக வீட்டுக்குப் போனார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். ஜப்பானில் அதற்கு முன்பே, 1982இல், வனத்துறையே ஜனங்களைக் 'காட்டுக் குளியல்' எடுக்கச் சொல்லி அழைத்தது. படித்த காலத்தில் எனக்கு இதெல்லாம் பெரிய ஆறுதலாக இருந்தது. இன்றைக்கு யோசித்தால், மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குக்கூட நான் மெடிக்கல் சர்டிபிகேட் தேடியிருக்கிறேன் என்று தோன்றுகிறது.

மூன்று மணிக்கு மழை விட்ட சந்தில் ஓடை வரை போய் வந்தேன். அட்டை! கடிப்பது தெரியாது, பிற்பாடு ரத்தம் நிற்காமல் ஒழுகுவதுதான் தெரியும். ரத்தம் உறையாமல் இருக்க எச்சிலிலேயே மருந்து வைத்திருக்கிறது. ஒன்று என் ஷூ மேல் ஏறியதைக் குனிந்து பார்த்தேன். பின்நுனியை ஊன்றிக்கொண்டு முன்நுனியைக் காற்றில் நீட்டி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மோப்பம் பிடித்து, ஒரு எட்டு வைத்து, வளைந்து, அடுத்த எட்டு. சாக்ஸின் விளிம்பை எட்ட அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரம் நான் வேறெதையும் நினைக்கவில்லை. வீட்டுக்கார அம்மா ஒரு சிட்டிகை உப்பைப் போட்டதும் சுருண்டு விழுந்தது. பாவம்தான்.

சனி

நேற்று ராத்திரி எட்டு மணிக்கு ஐயாவின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. பக்கத்து டிவிஷனில் யானைகள். பால்கனியில் இருந்து பார்த்தால் ரோட்டு முனைக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது.

இந்த ஊர்க்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். எனக்குப் புதிது. நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பு பல வருஷங்களாக இங்கே காட்டையும் யானைகளையும் கவனித்து வருகிறது. முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் அடியில் எழுத்தாக ஓடவிட்டார்களாம், இன்ன எஸ்டேட்டில் யானை நிற்கிறது என்று. பிறகு போனுக்குச் செய்தி. அதற்கப்புறம் இந்த விளக்குகள். போன் மூலமாகவே ஏற்றலாம், அணைக்கலாம். யானையைத் துரத்துவதற்கு இதில் ஒன்றும் கிடையாது. மனிதன் கொஞ்ச நேரம் ஒதுங்கிக்கொள்வதற்காக மட்டுமே செய்த ஏற்பாடு. இங்கே யானையால் செத்தவர்களில் பலர், அது நிற்பது தெரியாமல் இருட்டில் எதிரே போய் மாட்டிக்கொண்டவர்கள்.

ஆக, நேற்று மழை கொடுத்த விடுப்பை இன்றைக்கு யானை நீட்டித்துக் கொடுத்தது. அந்தக் காட்டில் இறங்கக்கூடாது, ஓடைக்குப் போகக்கூடாது, காலையில் யானைகள் கடந்து போகிற வரையில் அந்தப் பக்கம் இலை பறிக்கவும் ஆள் அனுப்பவில்லை. பெண்கள் தலையில் சாக்கு, இடுப்பில் படங்குத்தாள் கட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியும் நின்றார். யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை. யானை வழியில் நிற்கும்போது யாரைப் போய் என்ன கேட்பது?

ஒன்பது மணிக்கு மேல் ஐயாவுடன் ரோட்டில் நடந்தேன். சாணம் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. தொழிலாளர்களின் லைன் வீட்டு வாழைகள் இரண்டைச் சாய்த்திருந்தன. தேயிலையை யானை தொடுவதில்லை. இத்தனை பச்சையும் அதற்கு வெறும் பாதை. ரேஷன் கடைச் சுவரை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு அரிசி தப்பிச்சுது" என்றார் ஐயா.

ரோட்டுக்குக் கீழே ஒரு சரிவு முழுவதும் கவாத்து பண்ணியிருந்தார்கள். இலை என்ற பேச்சே இல்லை. முழங்கால் உயரத்தில் முறுக்கிக்கொண்ட சாம்பல் நிறக் கட்டைகள், வரிசை வரிசையாக. பார்க்கவே சங்கடமாக இருந்தது. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை இப்படி வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் செடி மரமாகப் போய்விடும் என்றார். நான் இது வரை கேள்விப்படாததை அடுத்துச் சொன்னார்.

"வெட்டறதுக்கு முன்னாடி செடிய சும்மா விடணும்மா. சில வாரம் யாரும் கை வைக்கக் கூடாது. வேர்ல மாவு சேரணும். அது சேராம வெட்டுனா பாதிச் செடி எந்திரிக்காது."

"சேர்ந்துருச்சுன்னு எப்படிங்கய்யா தெரியும்?"

"வேர ஒரு துண்டு ஒடிச்சு அயோடின் தடவுவோம். கருநீலமா மாறுச்சுன்னா மாவு இருக்கு. மாறலைன்னா இன்னும் கொஞ்ச நாள் விட்டுடுவோம்."

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்துச் சிரித்தார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு என்னவோ சுருக்கென்றது.

எங்கள் கம்பெனியில்கூட ஒரு பயிற்சி வகுப்பில் ஆள் கூட்டிவந்து இதையே சொன்னார்கள். நன்றாக ஓய்வெடுங்கள், திரும்பி வந்து இரண்டு மடங்கு வேலை செய்யலாம். அதாவது மாவு சேரட்டும், அப்புறம் பறிக்கலாம். தேயிலைச் செடிக்கு விடுவது ஓய்வா? அடுத்த சீசன் கொழுந்துக்கான முன்பணம். நான் எடுக்கிற ஓய்வும் அந்தக் கணக்கில்தான் போய்ச் சேர வேண்டுமா? திரும்பிப் போனபின் நான் முன்னைப் போலவே சுமாராக வேலை செய்தால், இந்த நாட்கள் வீண் என்று எழுதிவிடுவார்களா?

இதை ஐயாவிடம் சொல்லவில்லை. செடிக்கு நல்லது செய்தே வாழ்ந்த மனிதர் அவர். வீட்டுக்கு வந்து பால்கனியில் உட்கார்ந்து ஓடைக்கு அந்தப் பக்கக் காட்டையே மத்தியானம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் யாரும் எதையும் எடை போடுவதில்லை. ஒரு மரம் சாய்ந்து இன்னொரு மரத்தின் தோளில் கிடக்கிறது. அதன் மேல் பாசி, பாசி மேல் பெரணி. அது இந்த வருஷம் என்ன கொடுத்தது என்று கேட்க ஆள் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிறு

எஸ்டேட்டுக்கு லீவு. லைன் வீடுகளில் ஆறு மணியிலிருந்தே துணி துவைக்கும் சத்தம்.

வாரத்தில் ஒருநாள் ஓய்வு தர வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் எழுதி வைத்தது. அதற்கு முந்தைய தலைமுறைகள் ஆள் பிடிக்கும் கங்காணிகளின் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறியவர்கள். ஐயாவின் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். காய்ச்சல் எடுத்துச் செத்தவர்கள் போக மிச்சம்தான் இந்த ஊர் என்பார்.

குழாயடியில் ஒரு அக்கா மூட்டைத் துணியோடு உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

"லீவு நாளா இன்னைக்கு?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. ஞாயித்துக்கிழமைதான் எனக்கு வேலை ஜாஸ்தி. தொவைக்கணும், வெறகு பாக்கணும், டவுனுக்குப் போயிச் சாமான் வாங்கணும். நீங்க சுத்திப் பாக்க வந்தீங்களா?"

"இல்லைங்கக்கா. சும்மா இருக்கலாம்னு வந்தேன்."

துணியை அலசுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "தனியாவா? வீட்டுல ஆம்பளைக்குச் சோறு?"

"ஆக்கிக்குவார்."

"ஆக்கிக்குவாராம்ல!" என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொல்லிச் சிரித்தார். "அப்பறம் என்னத்துக்கு அவசரம்? இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டுப் போங்க."

எடுக்கிறவர்களுக்குக் கிடைக்கிற ஓய்வும், சட்டம் போட்டும் கைக்கு வராத ஓய்வும் ஒரே குழாயடியில் நின்று பேசிக்கொண்டிருந்தது எனக்குப் புரியாமல் இல்லை. சம்பளம் பிடிக்காத லீவு என் கணக்கில் வருஷா வருஷம் மிஞ்சுகிறது. அந்த அக்காவுக்கு ஒருநாள் போனால் ஒருநாள் கூலி போச்சு. ஆனால் நான் எடுக்காமல் மிச்சம் வைத்த லீவு அவர் கணக்கில் போய் ஏறிவிடப் போவதும் இல்லை. குற்ற உணர்ச்சியால் யாருக்கும் ஒரு வேளை விறகு வந்ததில்லை.

சாயங்கால பஸ்ஸில் கிளம்புவதாகத்தான் திட்டம். நான்கு மணிக்குப் பால்கனியின் சிக்னல் கிடைக்கும் மூலையில் நின்று மேனேஜருக்கு அடித்தேன்: "சார், உடம்பு சரியில்லை, திங்கள் செவ்வாய்..." அழித்தேன். "சார், விசேஷ வீட்டில் இன்னும்..." அதையும் அழித்தேன். கடைசியில், "சார், திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் லீவு எடுத்துக்கொள்கிறேன். புதன் வந்துவிடுவேன்" என்று மட்டும் அனுப்பினேன். அதைப் படித்துப் பார்த்தால் ஏதோ துணியில்லாமல் நிற்பது மாதிரிக் கூச்சமாக இருந்தது. பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரும் எங்காவது துணி துவைத்துக்கொண்டிருப்பார்.

வீட்டுக்கார அம்மாவிடம் இன்னும் இரண்டு நாள் இருக்கலாமா என்றதற்கு, "மாவு ஆட்டணும்" என்று மட்டும் சொன்னார்.

திங்கள்

இன்றைக்கு வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. யானைகள் ராத்திரியோடு ராத்திரியாக நகர்ந்துவிட்டன, விளக்கு அணைந்திருக்கிறது. ஜீப்காரர் எட்டு மணிக்கே வாசலில் ஹாரன் அடித்தார். "அக்கா, இப்படி வெயில் இந்த மாசம் கெடைக்காது. சோலையாறு போயிட்டு, அப்படியே நீராறு, வரும்போது புதுத்தோட்டத்துல சிங்கவால் குரங்கு. ஒரே நாள்ல முடிச்சிடலாம்."

மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் காட்டில் இல்லாத குரங்கு அது. ரோட்டைக் கடக்கையில் வண்டியில் அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டி விட்டிருக்கிறார்கள் என்றும் படித்திருக்கிறேன். பார்க்க ஆசைதான். ஆனால் 'முடிச்சிடலாம்' என்ற சொல் காதில் விழுந்ததும் கால் வரமாட்டேன் என்றது. வேண்டாம் தம்பி என்றேன். "உடம்புக்கு முடியலையாக்கா?" நல்லாத்தான் இருக்கேன் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அம்மாவிடம் போய்த் தனியாக விசாரித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

எந்தச் சாக்கும் இல்லாத முதல் நாள் இது. மழையும் இல்லை, யானையும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. வேலை நாள், நல்ல வெயில், கை கால் சுகம். முதல் ஒரு மணி நேரம் படு மோசம். அறையைக் கூட்டினேன். கூட்டிய அறையை மறுபடி கூட்டினேன். பையில் இருந்த துணிகளை எல்லாம் எடுத்து மடித்து வைத்தேன். இப்போது கட்டிங் செக்ஷனில் ஆட்கள் வந்திருப்பார்கள், இப்போது டீ, இப்போது பையர் மெயிலைத் திறந்திருப்பான் என்று கடிகாரம் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் போல, தாடை வலித்தது.

அப்புறம் கீழே இறங்கி, தேயிலைச் சரிவின் ஓரத்தில், ஓடையைப் பார்த்தாற்போல் இருக்கும் பாறையில் போய் உட்கார்ந்தேன். ஐயா வாசலில் இருந்தே, "கீழ மாடு கெடக்கு, அந்தப் பக்கம் போயிடாதீங்க" என்று குரல் கொடுத்தார்.

காட்டு மாடு. ஓடைக்கு அந்தக் கரையில், காடு தொடங்குகிற இடத்தில் படுத்திருந்தது. நூறு நூற்றைம்பது அடி இருக்கும் எனக்கும் அதற்கும். நடுவில் தண்ணீர். கன்னங்கரேல் என்று, நெற்றி மட்டும் வெளுத்து, ஒரு டன் வரை வளரும் என்பார்களே, அந்தச் சாதியில் பெரிய ஆண். முன்னங்காலை மடித்து வைத்திருந்ததில் முழங்காலுக்குக் கீழே வெள்ளை தெரிந்தது. என்னைப் பார்த்தது. நான் அசையவில்லை. ஓர் இடைவெளி விட்டு அது அசை போட ஆரம்பித்தது.

கீழ்த்தாடை ஒரு பக்கமாகப் போய், சுற்றி, திரும்பி வரும். கொஞ்ச நேரம் ஒரே பக்கமாக மெல்லும். பிறகு நிறுத்தும். தொண்டையில் ஏதோ இறங்குவது தோலுக்கு மேலேயே தெரியும். ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருக்கும். அடியிலிருந்து இன்னொரு உருண்டை மேலே ஏறி வரும், கழுத்தில் அதுவும் தெரியும். மறுபடி தாடை. ஈ மொய்த்தால் காது மட்டும் அசையும். ஒரு மைனா முதுகில் ஏறி நடந்து, இறங்கி, திரும்ப ஏறியது. மாடு அதையும் விட்டுவிட்டது.

வெயில் ஏறியபோது தலைக்கு மேல் பெரிய சத்தம். இருவாச்சி பறந்தால் காற்று அதன் இறக்கைக்குள் புகுந்து 'வூஷ், வூஷ்' என்று ஒரு பர்லாங்குக்குக் கேட்கும் என்று ஐயா சொல்லியிருந்தார். அப்படியே கேட்டது. ஜோடியாக வந்து காட்டத்தி மரத்தில் இறங்கின. மஞ்சள் அலகால் ஒரு பழத்தைக் கிள்ளி, மேலே எறிந்து, தொண்டையில் வாங்கிக்கொண்டன. பையில் போன் இருந்தது. எடுக்கலாமா என்று ஒருமுறை நினைத்தேன். மாடு அசை போடுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கவும் அந்த யோசனை அதோடு போயிற்று.

எப்போது தூங்கினேன் என்று தெரியாது. முகத்தில் வெயில் சுட்டு எழுந்தபோது மாடு இல்லை. புல் மட்டும் பெரிய வட்டமாக நசுங்கிக் கிடந்தது. மேல் சரிவில் இலை எடுக்கும் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். குழாயடி அக்கா அங்கிருந்தே கையை ஆட்டினார். பட்டப்பகலில், வேலை நாளில், பாறையில் மல்லாந்து கிடந்ததை அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். எழுந்து உட்கார்ந்து கையை ஆட்டினேன். மடியில் வைத்துக்கொள்ள எதையும் தேடவில்லை.

வீட்டுக்கு ஏறும்போது சிக்னல் மூலையில் போன் அடித்தது. மேனேஜர் காலையிலேயே அனுப்பியிருந்த செய்தி இப்போதுதான் வருகிறது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன் சார்" என்று அனுப்பினேன்.

படித்துவிட்டதற்கான இரண்டு நீலக் கோடு உடனே விழுந்தது. 'டைப் செய்கிறார்' என்று வந்தது, நின்றது, திரும்பவும் வந்தது. மேற்கொண்டு என்ன கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. கடைசியில் கட்டைவிரல் ஒன்று மட்டும் வந்து சேர்ந்தது. மத்தியானத்துக்கு மொச்சைக் குழம்பு, நேற்று ஆட்டிய மாவில் தோசை. நாளைக்கும் வெயில் அடித்தால் சிங்கவால் குரங்கு பார்க்கப் போனாலும் போவேன். ஜீப்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.